வைத்தியர் முன் பேச வேண்டியவர் யார்?

பெண்பிள்ளை ஒருத்தியை வைத்தியரிடம் அழைத்துச் செல்லும் எந்தக் குடும்பத்தையும் கவனித்துப் பாருங்கள். பிள்ளை கதிரையில் இருப்பாள். "என்ன மகள் செய்யுது?" என்று வைத்தியர் அவளைப் பார்த்துத்தான் கேட்பார். பதில் மட்டும் பின்னால் நிற்கும் உம்மாவிடமிருந்து வரும். உம்மா சொல்லாமல் விட்டதை வாப்பா சொல்வார். வாப்பா வராத நாளில் மாமி சொல்வார். வருத்தக்காரப் பிள்ளை தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சில நிமிடங்களில் மருந்துத் துண்டு கைக்கு வந்துவிடும்.

இது பாசத்தினால் நடப்பது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் இது மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது. பதினாறு, பதினேழு வயதான மாணவி ஒருத்தி தன் உடம்பைப் பற்றித் தானே பேச வேண்டும். அதற்கு வீட்டிலேயே தயாராகிப் போக வேண்டும். தவணைப் பரீட்சைக்குத் தயாராகிறோம், மீலாத் பேச்சுப் போட்டிக்கு வாரக்கணக்கில் தயாராகிறோம். வைத்திய நிபுணரைச் சந்திக்க மட்டும் ஒன்றும் யோசிக்காமல் கிளம்பிவிடுகிறோம்.

இதை எழுத எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. என் தைரொயிட் சுரப்பி போதியளவு சுரப்பதில்லை என்று நான்கு மாதங்களுக்கு முன் தெரியவந்தது. அகஞ்சுரக்கும் சுரப்பிகளுக்கான வைத்திய நிபுணரைக் கண்டியில் சந்திக்க அடுத்த மாதம் திகதி கிடைத்திருக்கிறது. அந்தத் திகதிக்காக நான் தயாராகிக்கொண்டிருக்கிறேன். அப்படித் தயாராகும்போது கற்றவற்றையே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

உயிரியல் படிக்கும் தோழியருக்கு இந்தச் சுரப்பி புதிதல்ல. கலை, வர்த்தகப் பிரிவுத் தோழியருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தைரொயிட் என்பது கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் இருக்கும் சிறிய சுரப்பி. அது சுரக்கும் தைரொக்சின் என்ற ஓமோன், உடம்பின் கலங்கள் எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அடுப்பில் நெருப்பைக் கூட்டிக் குறைப்பது போன்ற வேலை அது. நெருப்புக் குறைந்தால் சோறு வேக நேரமெடுக்கும். தைரொக்சின் குறைந்தால் இதயத் துடிப்பும், சமிபாடும், சிந்தனையும் மெதுவாகும்.

மூளையின் அடியில் இருக்கும் கபச்சுரப்பிதான் தைரொயிட்டை மேற்பார்வை செய்கிறது. அது ரி.எஸ்.எச். என்ற ஓமோனை அனுப்பித் தைரொயிட்டை வேலை வாங்கும். தைரொயிட் சோர்ந்து போனால் கபச்சுரப்பி இன்னும் அதிகமாக ரி.எஸ்.எச். அனுப்பும். கூப்பிட்டும் எழும்பாத பிள்ளையை உம்மா மேலும் மேலும் சத்தமாகக் கூப்பிடுவது போல. அதனால்தான் ரிப்போட்டில் ரி.எஸ்.எச். அளவு கூடியிருந்தால் தைரொயிட் குறைவாக வேலை செய்கிறது என்று பொருள். பெரும்பாலான ஆய்வுகூடங்கள் ஏறத்தாழ 0.4 முதல் 4 வரையான அளவைச் சாதாரணம் என்று குறிக்கின்றன. என் முதல் ரிப்போட்டில் அது 14.2. "கூடத்தானே ஈக்கி, பொறகென்ன குறைவு எண்டு சொல்ற?" என்று வாப்பா கேட்டார். நான் இந்த உதாரணத்தைச் சொன்னதும் உம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

இனி விடயத்துக்கு வருகிறேன். இந்த நோயின் அறிகுறிகள் என்னென்ன? களைப்பு, தூக்கம், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி கொட்டுதல், நிறை கூடுதல், மறதி, மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு. இவற்றில் எதுவும் காய்ச்சலைப் போலத் தொட்டுப் பார்த்தால் தெரிவதல்ல. வாந்தியைப் போல மற்றவர் கண்ணில் படுவதுமல்ல. மாறாக, ஒவ்வொன்றுக்கும் நம் வீடுகளில் வேறொரு பெயர் தயாராக இருக்கிறது. களைப்புக்குச் சோம்பல் என்று பெயர். தூக்கத்துக்குப் போன் பார்த்ததன் பலன் என்று பெயர். நிறை கூடினால் தின்று தின்று கொழுத்தது. மறதி வந்தால் படிப்பில் மனமில்லை. சுபஹுக்கு எழும்பக் கஷ்டப்பட்டால் அதற்குச் சொல்லும் பெயரை நான் இங்கே எழுதத் தேவையில்லை.

ஒரு நோயின் அடையாளங்கள் எல்லாம் ஒரு பிள்ளையின் குணக்கேடுகளாக வாசிக்கப்படும்போது, அவளும் காலப்போக்கில் அப்படியே நம்பிவிடுகிறாள். வைத்தியர் கேட்கும்போது, "எனக்கு ஒன்றும் இல்லை, கொஞ்சம் சோம்பல்தான்" என்று சொல்லவும் கூடும். உள்ளே நடப்பதை உணர்பவள் அவள் ஒருத்திதான். அவளுக்காக வேறொருவர் பேசினால், அவர் வெளியிலிருந்து பார்த்ததைத்தான் பேச முடியும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். முதன்முறை வைத்தியரிடம் போன நாளில் எங்கள் இலக்கம் 37. உள்ளே போனதும் வைத்தியர் பல கேள்விகள் கேட்டார். உம்மா ஒவ்வொன்றுக்கும் விரைவாகப் பதில் சொன்னார். "மாதாந்தம் எல்லாம் ஒழுங்கா வருதா?" என்று கேட்டபோது வாப்பா கதவருகே நின்றிருந்தார். உம்மா சட்டென்று, "அதெல்லாம் ஒழுங்கா ஈக்கி டொக்டர்" என்றார். உண்மையில் அந்த மூன்று மாதங்களாக ஒவ்வொரு முறையும் ஒன்பது, பத்து நாட்கள் நீடித்திருந்தது. அது உம்மாவுக்கும் தெரியும். வாப்பாவின் முன்னால் சொல்லக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில்தான் அவர் அப்படிச் சொன்னார். வைத்தியர் "ஒழுங்கு" என்று எழுதிக்கொண்டார்.

தைரொயிட் குறைவு மாதவிடாயைக் கூட்டும். அதிக இரத்தப்போக்கு இரும்புச்சத்தைக் குறைக்கும். இரும்புச்சத்துக் குறைந்தால் களைப்பும் முடி கொட்டுதலும் இன்னும் கூடும். ஆகவே அந்த ஒரு கேள்விக்கான சரியான பதில், இன்னொரு இரத்தப் பரிசோதனைக்கு வழிகாட்டியிருக்கும். ஒரு சொல் மறைந்ததால் ஒரு பரிசோதனை தள்ளிப்போனது. இதில் உம்மாவைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை. அவருக்கும் அவருடைய உம்மா அப்படித்தான் பழக்கியிருக்கிறார். நான் குறை சொல்வது அந்தப் பழக்கத்தை.

மறைப்பது வைத்தியரின் அறையோடு முடிவதில்லை. ரிப்போட் வந்த அன்று மாலையே மாமி ஒருவர் வீட்டுக்கு வந்து, "ஒத்தருக்கும் சொல்ல வாணாம். நாளைக்கிக் கலியாணம் பேசி வாற புள்ள" என்றார். எனக்குப் பதினேழு வயது. கலியாணப் பேச்சுக்கு முன் எனக்கு உயர்தரப் பரீட்சை இருக்கிறது. ஆனால் நம் சமூகத்தில் ஒரு பெண்பிள்ளையின் நோயைப் பற்றிய முதல் கவலை, அது எப்படிச் சுகமாகும் என்பதாக இருப்பதில்லை. யாருக்குத் தெரிந்துவிடும் என்பதே முதல் கவலையாக இருக்கிறது.

இந்த மறைப்பின் விலை என்ன என்று எனக்குக் காட்டியவர் என் சாச்சிதான். நிபுணரிடம் போகும்போது குடும்பத்தில் வேறு யாருக்கும் தைரொயிட் இருக்கிறதா என்று கட்டாயம் கேட்பார்கள் என அறிந்ததால், வீட்டில் ஒவ்வொருவரிடமும் கேட்கத் தொடங்கினேன். உம்மும்மா தன் சிறு வயதில் கழுத்து வீங்கிய ஒரு பெரியம்மா இருந்ததாகச் சொன்னார். மற்ற எல்லோரும் "நம்மட குடும்பத்தில் அப்படி ஒண்டும் இல்லை" என்றார்கள். இரண்டு நாட்களின் பின் சாச்சி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, மேல் தட்டிலிருந்த பழைய பால்மா டின்னை இறக்கினார். உள்ளே மிளகாய்த்தூள் பைக்கற்றுகளுக்கு அடியில், நான் தினமும் குடிக்கும் அதே குளிசை. பதினொரு வருடங்களாகக் குடிக்கிறாராம். சாச்சாவுக்கு மட்டும் தெரியும். "எனக்கு மட்டுந்தான் இந்த வருத்தம் எண்டு நெனச்சிக்கிட்டு ஈந்தேன் புள்ள" என்றார்.

ஒரே முற்றத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு வீடுகள். ஒரே நோய். ஒருவருக்கொருவர் தெரியாது. தைரொயிட் குறைவு பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருவது, குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடியது. சாச்சியின் நோய் எங்களுக்குத் தெரிந்திருந்தால், என் களைப்பைப் பார்த்த யாராவது ஒருவர், "இவளுக்கும் அந்த இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்போம்" என்று ஒரு வருடம் முன்பே சொல்லியிருப்பார். பால்மா டின்னுக்குள் ஒளிந்திருந்தது சாச்சியின் மருந்து மட்டுமல்ல, எனக்கு உதவியிருக்கக்கூடிய தகவலும்தான்.

கலியாணத்துக்காக மறைக்கிறோம் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தேவையான தைரொக்சினைத் தாயின் உடம்பே கொடுக்கிறது. குழந்தையின் சொந்தச் சுரப்பி வேலை செய்யத் தொடங்க நாளெடுக்கும். ஆகவே தைரொயிட் குறைவுள்ள பெண் கர்ப்பமானால் பெரும்பாலும் குளிசையின் அளவைக் கூட்ட வேண்டிவரும். அதற்கு உடனே வைத்தியரிடம் போய் இரத்தம் சோதிக்க வேண்டும். புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் குளிசை குடிக்கும் மணப்பெண் அந்த நாட்களில் என்ன செய்வாள்? மறைத்து நடத்தும் கலியாணத்தில் முதலில் பாதிக்கப்படக் கூடியது இன்னும் பிறக்காத ஒரு பிள்ளை. ஒழுங்காகக் குளிசை எடுத்து, ஒழுங்காகச் சோதித்து வருபவர் மற்றவர்களைப் போலவே படிக்கலாம், வேலை செய்யலாம், பிள்ளை பெற்று வளர்க்கலாம். மறைக்க வேண்டிய அளவுக்கு இதில் என்ன இருக்கிறது?

இனி, எப்படித் தயாராவது? நான் ஒரு சிறிய கொப்பியை எடுத்துக்கொண்டேன். அதில் ஐந்து பகுதிகள்.

முதலாவது, அறிகுறிகள். "களைப்பாக இருக்கிறது" என்று எழுதுவதால் பயனில்லை. எப்போதிருந்து, எந்த நேரத்தில், என்ன செய்ய முடியவில்லை என்று எழுத வேண்டும். "இரண்டாம் தவணையிலிருந்து, பகல் பதினொரு மணிக்குப் பிறகு கரும்பலகையைப் பார்க்கக் கண் இழுக்கிறது. மூன்றாம் மாடி ஆய்வுகூடத்துக்கு ஏறும்போது இடையில் நிற்க வேண்டியிருக்கிறது" என்று எழுதினேன். இப்படி எழுதியதைப் பார்த்தால் வைத்தியருக்கு எவ்வளவு என்பது விளங்கும். குளிசை தொடங்கிய பின் எது குறைந்தது, எது குறையவில்லை என்பதையும் எழுதினேன்.

இரண்டாவது, மாதவிடாய்த் திகதிகள். தொடங்கிய நாள், முடிந்த நாள். இதை நோன்பு கழாவுக்காக நம்மில் பலர் ஏற்கனவே குறித்து வைக்கிறோம். அதே பழக்கம் வைத்தியருக்கும் உதவும். வாப்பா உடன் இருந்தால் வாயால் சொல்லத் தயக்கமாக இருக்கலாம். கொப்பியைத் திறந்து வைத்தியரின் பக்கம் திருப்பி வைத்தால் போதும்.

மூன்றாவது, மருந்துகள். இந்தக் குளிசையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் குடிக்க வேண்டும். காலை உணவுக்கு அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் முன்பாகக் குடிப்பது நல்லது. தேநீர், கோப்பி, பால் ஆகியவை அது உடம்பில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். இரும்புச்சத்துக் குளிசையும் கல்சியக் குளிசையும் அப்படித்தான். அவற்றுக்கும் இதற்கும் நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும். கண் விழித்ததும் பால் தேத்தண்ணி குடிக்கும் வீடுகளில் இது சின்ன விடயமல்ல. பாடசாலையில் தரும் இரும்புச்சத்துக் குளிசையையும் கொப்பியில் குறிக்க வேண்டும் என்று பலருக்குத் தோன்றாது. முடி வளரவென்று கடையில் வாங்கும் விற்றமின் குளிசைகளில் பயோட்டின் இருந்தால், அது சில ஆய்வுகூடங்களின் தைரொயிட் முடிவுகளையே பிழையாகக் காட்டச் செய்யும். ஆகவே பரிசோதனைக்கு முன் அதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். குளிசை தவறிய நாட்களையும் ஒளிக்காமல் குறிக்க வேண்டும். தவறிய நாளைச் சொல்லாவிட்டால், குளிசையின் அளவு போதவில்லை என்று வைத்தியர் எண்ணி அதைக் கூட்டிவிடக்கூடும்.

நான்காவது, ரிப்போட்டுகள். திகதி வரிசைப்படி ஒரு பைலில் வைத்தேன். தைரொக்சின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாட்கள் எடுக்கும். ஆகவே அளவை மாற்றினால் அதன் பலன் நிலைபெற ஆறு முதல் எட்டு வாரங்கள் வேண்டும். "ரெண்டு கிழம குடிச்சும் ஒண்டும் மாறல்ல" என்று மருந்தை விட்டுவிடுபவர்களுக்கு இதை யாரும் விளக்குவதில்லை. எட்டு வாரங்களின் பின் எடுத்த என் இரண்டாவது ரிப்போட்டில் ரி.எஸ்.எச். 7.1. இறங்கியிருக்கிறது, இன்னும் இறங்க வேண்டும். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது தெரியும். முடிந்தவரை ஒரே ஆய்வுகூடத்தில் சோதிப்பது ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

ஐந்தாவது, கேள்விகள். எனக்கு முதலில் பத்தொன்பது கேள்விகள் இருந்தன. வெளியே அறுபது பேர் காத்திருக்கும் கிளினிக்கில் பத்தொன்பது கேள்வி கேட்பது மற்றவர்களின் நேரத்தைப் பறிப்பதாகும். நான்காகக் குறைத்தேன். என் நோய்க்குக் காரணம் என்ன, அதற்கான பிறபொருளெதிரிப் பரிசோதனை தேவையா? வாழ்நாள் முழுவதும் குளிசை வேண்டுமா? பரீட்சைக்கு முன் அளவு சரியாகிவிடுமா? றமழானில் எப்போது குடிப்பது?

முதற் கேள்விக்கு ஒரு பின்னணி உண்டு. "உப்பில அயடீன் பத்தாது, உப்பக் கொஞ்சம் கூட்டு" என்று அயல்வீட்டார் சொல்கிறார்கள். நம் நாட்டில் கண்டக்கழலை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. 1995 முதல் மக்கள் உண்ணும் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாக்கப்பட்டது. அயடீன் போதியளவு கிடைக்கும் இடங்களில் தைரொயிட் குறைவுக்கு முக்கிய காரணம், உடம்பின் நோயெதிர்ப்புத் தொகுதி தன் சொந்தச் சுரப்பியையே தாக்குவதுதான். 1912இல் அதை முதலில் விவரித்த ஜப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோவின் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. அந்த நிலையில் உப்பைக் கூட்டுவதால் பயனில்லை. அயடீன் அளவுக்கு மிஞ்சினால் சுரப்பி இன்னும் சோர்வடையவும் கூடும். எனக்கு எது காரணம் என்பதை நிபுணர்தான் சொல்ல வேண்டும், அயல்வீட்டாரல்ல.

றமழான் பற்றிய கேள்வி நமக்கே உரியது. ஸஹருக்குச் சோறும், நோன்பு திறந்ததும் பேரீச்சம்பழமும் கஞ்சியும், அதன் பின் இரவு வரை ஏதாவதும் உண்ணும் மாதத்தில் வெறும் வயிறு எப்போது கிடைக்கும்? சிலருக்கு இரவில் கடைசியாக உண்டு மூன்று மணித்தியாலங்களின் பின் படுக்கும் முன்பும், சிலருக்கு ஸஹர் உணவுக்கு அரை மணித்தியாலம் முன்பும் குடிக்கும்படி வைத்தியர்கள் சொல்வதுண்டு. யாருக்கு எது பொருந்தும் என்று றமழானுக்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்க வெட்கப்பட்டு மாதம் முழுவதும் குளிசையை நிறுத்திவிடுவது இபாதத்துக்குத் தரும் மரியாதை ஆகாது.

எங்களுக்கு இன்னொரு தயாரிப்பும் வேண்டும். எங்கள் பக்கத்து வைத்தியசாலைகளில் நிபுணர்கள் பலர் சிங்களம் பேசுபவர்கள். உம்மாவின் சிங்களம் சந்தையில் மரக்கறி வாங்கப் போதும், நோயைச் சொல்லப் போதாது. எனவே என் சிங்கள ஆசிரியையிடம் கேட்டு, தேவையான சொற்களைத் தமிழெழுத்தில் எழுதிக்கொண்டேன். களைப்பாக இருக்கிறது என்பதற்கு "மஹன்சியி". குளிராக இருக்கிறது என்பதற்கு "சீதலயி". மாதவிடாய்க்கு "ஒசப் வீம". கடைசிச் சொல்லைக் கேட்டபோது ஆசிரியை ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அதை எப்படி உச்சரிப்பது என்று மூன்று முறை சொல்லித் தந்தார். வேறு மொழியில் அந்தச் சொல்லைப் பயிற்சி செய்த பின் தமிழில் சொல்வது எனக்கு எளிதாகிவிட்டது.

இதையெல்லாம் கேட்டுச் சிலர் சொல்லும் மறுப்புகளும் எனக்குத் தெரியும். "டொக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்பார்கள். நோயைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் நூறில் ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் நான் எத்தனை மணிக்குக் குளிசை குடிக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. கூகிளில் பார்த்ததை வைத்து வைத்தியரோடு வாதாடப் போகும்படி நான் யாருக்கும் சொல்லவில்லை. நமக்கு மட்டும் தெரிந்ததை அவருக்குச் சரியாகக் கொடுப்போம். அதன் பின் தீர்மானிப்பது அவருடைய வேலை.

"அவர்களுக்கு நேரமில்லை" என்பது இன்னொரு மறுப்பு. அது உண்மைதான். இலவசமாகக் கிடைக்கும் அந்தக் கிளினிக்கில் ஒருவருக்கு ஒரு சில நிமிடங்கள்தான். அதனால்தான் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போகச் சொல்கிறேன். உள்ளே போய் யோசிக்கும் ஒவ்வொரு நொடியும் வெளியே நிற்கும் ஒருவருடைய நொடி.

"வயசு வந்த புள்ள இதெல்லாம் வாய் திறந்து பேசுறது அடக்கமில்லை" என்பதே பெரிய மறுப்பு. அன்ஸாரிப் பெண்களைப் பற்றி ஆயிஷா (ரழி) அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை நம் இஸ்லாம் பாடத்திலேயே படித்திருக்கிறோம். மார்க்கத்தைக் கேட்டு அறிந்துகொள்வதற்கு வெட்கம் அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை என்று அவர்களைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுக்குப் பின்னணியாக இருந்த கேள்வி எது என்று தேடிப் பாருங்கள். மாதவிடாயின் பின் குளிப்பது எப்படி என்று ஒரு பெண் நபி (ஸல்) அவர்களிடம் நேரில் கேட்ட கேள்வி அது. நபியவர்களின் சபையில் கேட்கத் தகுந்தது வைத்தியரின் அறையில் கேட்கத் தகாததாகிவிடுமா? வெட்கம் ஈமானின் ஒரு பகுதி என்று படித்த அதே வகுப்பில் இதையும் படித்தோம். இரண்டையும் சேர்த்து விளங்கிக்கொள்வதுதான் படித்ததற்கு அடையாளம். உடம்பு நமக்குத் தரப்பட்ட அமானிதம் என்றால், அதன் கணக்கைச் சொல்லத் தெரிந்திருப்பதும் அந்த அமானிதத்தைச் சேர்ந்ததே.

தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். எங்களோடு வாருங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால்தான் எங்களுக்குத் தைரியம். வைத்தியர் கேட்டதும் பத்து வரை மனதுக்குள் எண்ணுங்கள். அதற்குள் பிள்ளை வாய் திறந்துவிடுவாள். அவள் விட்டதை அதன் பின் சேர்த்துச் சொல்லுங்கள். தந்தைமாருக்கும் ஒன்று. சில கேள்விகளின்போது, "நான் வெளியில் நிக்கிறேன்" என்று நீங்களாகவே சொல்லிப் போவது பிள்ளைக்குச் செய்யும் பெரிய உதவி. இதை நான் வாப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "சரி, நான் மருந்தெடுக்கிற கியூவில நிக்கிறேன்" என்றார்.

சாச்சியின் டின் இப்போது மேல் தட்டில் இல்லை. குளிசை அட்டை தண்ணீர்ச் சாடிக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்க இருக்கிறது. கடைசியாக எப்போது இரத்தம் சோதித்தார் என்று கேட்டேன். நினைவில்லை என்றார். அவருக்கும் ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

தோழியரே, உங்களுக்குத் தைரொயிட் இல்லாமல் இருக்கலாம். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒற்றைத் தலைவலியோ, இழைப்போ, மாதந்தோறும் மடங்கிப் படுக்க வைக்கும் வயிற்றுவலியோ ஏதோ ஒன்றுக்காக ஒருநாள் நீங்களும் அந்தக் கதிரையில் இருப்பீர்கள். அதற்கு முன் இந்த வாரமே வீட்டில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "நம்மட குடும்பத்தில் யாருக்கு என்ன வருத்தம் ஈக்கி?" முதல் பதில் "ஒண்டும் இல்லை" என்றுதான் வரும். இரண்டு நாட்கள் பொறுத்திருங்கள். யாராவது ஒருவர் உங்களைக் குசினிக்குள் கூப்பிடுவார்.